அழுத வாயே தாலாட்டணும்

ஏப்ரல் 3, வியாழன்

அம்மாவைக் காலையில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு எஸ்.ஐ., இரண்டு பெண் போலீஸ். அம்மா அப்போது ஆடுகளுக்கு அகத்திக் குழை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து, கை கழுவி, மூக்குத்தியைக் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். வேனில் ஏறும்போது என்னைப் பார்த்து, சினை ஆட்டை மேட்டுப் பக்கம் விடாதே என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இது அம்மாவின் பாட்டு நோட்டு. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் பாடப் பாட நான் எழுதுவேன். முன்பக்கத்திலிருந்து அவள் பாட்டுகள் இருக்கின்றன. அவள் வரும்வரை நான் பின்பக்கத்திலிருந்து எழுதப் போகிறேன்.

சாயங்காலம் ஆட்டுக் கொட்டத்தில் கொஞ்ச நேரம் தனியாக இருந்தேன். அங்கே நான் செய்ததை எழுத மாட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. கண்மாய்க் கிணற்றிலிருந்து ஆறு நடை. சினை ஆடு நேற்றிலிருந்து சரியாக இரை எடுக்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறாள் பெரியம்மா. கண் இல்லை. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வக்கீல் மெர்சி அக்காவைச் சங்கத்துத் தோழர் கோவிந்தராசு பைக்கில் கூட்டி வந்தார். அக்கா எஃப்.ஐ.ஆரைப் படித்துக் காட்டினார். பவுனுத்தாய், வயது 42, கணவர் பெயர் கருத்தபாண்டி, மறைவு. கல்குவாரி அதிபர் சுந்தரராசு உயிரோடு இருக்கும்போதே அவர் இறந்ததாகப் பாவித்து, பாடை கட்டி, ஒப்பாரி பாடி, கொலை மிரட்டல் விடுத்தார். அப்படித்தான் இருந்தது.

மெர்சி அக்கா வெளியூர்க்காரர். "பாட்டு எப்படிங்க கொலை மிரட்டலாகும்? கோர்ட்டுல சிரிக்கப் போறாங்க" என்றார். பெரியம்மாவும் தோழரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. அம்மா புதுப் பாட்டுக் கட்டுவதுகூட வீட்டில் இல்லை. சுடுகாட்டு ஓடைக்கு ஆடு பத்திக்கொண்டு போய் அங்கேதான் கட்டுவாள். உயிரோடு இருக்கிறவர் பேரைச் சொல்லி அழுதால் அவர் ஆயுசு அறுந்துவிடும் என்பார்கள். சுந்தரராசுவும் இந்த ஊரில் பிறந்தவர்தான். அம்மா பாடிய மூன்றாம் நாள் அவர் கோயிலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் படுத்திருக்கிறாராம்.

அவரைப் போய் எதற்குப் பாடினார் என்று அக்கா கேட்டார். பெரியம்மா முதலிலிருந்து சொன்னாள். அப்பா அந்தக் குவாரியில் கல் உடைத்தார். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது பாறை சரிந்து செத்துப்போனார். அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை, ஏட்டில் பேர் இல்லை என்று சுந்தரராசு சொல்லிவிட்டார். ஊர் சாவுக்கெல்லாம் பாடுகிற அம்மா அப்பாவுக்கு வாயே திறக்கவில்லையாம். பதினாறாம் நாள் எழுந்து குவாரி வாசலுக்குப் போய், அங்கே உட்கார்ந்து, அப்பா பேரைச் சொல்லிப் பாடியிருக்கிறாள். அதற்குப் பிறகு, ஏட்டில் பேர் இல்லாமல் அங்கே செத்த ஒவ்வொருவருக்கும் அதே வாசலில் போய்ப் பாடினாள். அப்பாவோடு எட்டுப் பேர். அந்தப் பாட்டுகள்தான் அவளைத் திருச்சி, சென்னை என்று மேடை மேடையாகக் கூட்டிப் போயின.

இப்போது கண்மாயை ஒட்டிய மலையையும் உடைக்கக் குவாரிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. போன மாதம் அங்கே வெடிக்குத் துளை போட்ட அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாக உயிரோடு இருக்கிறவருக்குப் பாடினாள்.

நான் போகவில்லை. வட்டமாக உட்கார்ந்து கூடப் பாட ஆள் குறைகிறது, நீயும் வாயேன் என்று கூப்பிட்டாள். ஆடு இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

ரேஷன் கடையில் என்னோடு படித்த ரம்யாவைப் பார்த்தேன். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டாளாம். உங்க அம்மா பாடுன வீடியோவை எங்க வீட்டில் எல்லோரும் பார்த்தோம் என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். நான் மண்ணெண்ணெய் வரிசைக்குத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பே கிடையாது.

ஒன்பதாவதில் ஒருநாள் டீச்சர் வராத நேரம், என் பெஞ்சுக்கு முன்னால் ஒரு துண்டை விரித்து, அதில் ஒரு பையைப் படுக்கவைத்து, நீ பாடு, நாங்கள் அழுகிறோம் என்றார்கள். வகுப்பே மாரில் அடித்துக்கொண்டு அழுதது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. போர்டு தெரியவில்லை, தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அம்மா வெளியே வந்து எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

மதுரை ஜெயிலில் அம்மாவைப் பார்த்தோம். நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பெரியம்மாவும் கத்தினாள். எனக்குக் கத்த வரவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள் என நினைத்துத் தலையாட்டினேன். வெளியே வந்த பிறகு பெரியம்மா, அவள் சினை ஆட்டைக் கேட்டாள் என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜாமீன் கிடைக்கவில்லை. புகார் கொடுத்தவர் இன்னும் உயிருக்குப் பயந்து படுத்திருக்கிறார் என்று சொன்னார்களாம். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று மெர்சி அக்கா போனில் சொன்னார்.

ஏப்ரல் 16, புதன்

அம்மா சேலையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

சுந்தரராசுவின் மனைவி காந்திமதி அம்மா காரில் வந்தார். சந்து முனையிலேயே காரை நிறுத்திவிட்டு, வெயிலில் தனியாக நடந்து வந்தார். பெரியம்மா பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை.

வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். தூங்கினால் பாடை தெரிகிறதாம். டாக்டர் இருதயத்தில் ஒன்றுமில்லை என்கிறாராம். "டாக்டருக்கு என்ன தெரியும். நம்ம ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியும்ல சடச்சி" என்றார். பெரியம்மாவின் பேர் சடச்சி.

வழக்கம் என்னவென்று எனக்கும் தெரியும், ஆனால் மறந்திருந்தேன். உயிரோடு இருப்பவரைத் தப்பாக அழுதுவிட்டால், அந்த ஆள் மறுபடி பிறந்ததாக வைத்துத் தொட்டிலில் போட்டுத் தாலாட்ட வேண்டும். அழுத வாயே தாலாட்ட வேண்டும். பெரியம்மா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, கேரளாவில் லாரி கவிழ்ந்து செத்துவிட்டான் என்று ஊரே அழுத பரமன் எட்டாம் நாள் பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினானாம். நாற்பது வயது ஆளைச் சேலைத் தொட்டிலில் போட்டு அவன் பெண்டாட்டி தாலாட்டினாளாம். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தானாம்.

காந்திமதி அம்மா என்னைப் பார்த்தார். "அந்த வாய் உள்ள இருக்கு. அந்த வயித்துல பொறந்த வாய் போதும்னு குறி சொல்ற கோடாங்கி சொல்லிட்டாரு. இந்தப் புள்ள வந்து ஒரு பாட்டுப் பாடட்டும். அடுத்த ஜாமீனுக்கு எங்க வீட்டுலருந்து ஒரு சொல்லு குறுக்க வராது. நான் பொறுப்பு."

பிறகு ஒன்று சொன்னார். தொட்டில் பாட்டைத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது, அது பாடாமல் இருப்பதைவிடக் கேடு. அதனால் யோசித்து வரச் சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பிறகு குடிக்கத் தண்ணீர் எடுத்தேன். குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். பெரியம்மா, பயப்படாதே, பிடிக்காவிட்டால் போகவேண்டாம் என்றாள். நான் பயந்தது அதற்கு இல்லை. அழுத வாய் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு ஆட்டுக் கொட்டம்தான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தோழர் கோவிந்தராசு வந்து, போகக் கூடாது என்றார். இத்தனை வருஷம் உன் அம்மா நின்றதை ஒரு தாலாட்டில் விற்றுவிட்டு வருவாயா என்று கேட்டார். பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"தோழரே, ஒங்க வீட்டுல நேத்து ராத்திரிச் சோறு யாரு ஆக்குனது?"

மனைவிதான் என்றார் அவர்.

"இவளுக்கு ஆக்க ஆளு உள்ள இருக்கா. கட்சி கட்டுற பேச்ச அவ வந்த பெறகு அவகிட்டப் பேசுங்க."

மெர்சி அக்கா போனில், சட்டத்துக்கும் தாலாட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவர்கள் எதிர்க்காவிட்டால் ஜாமீன் கிடைக்கும் என்றார்.

ஏப்ரல் 23, புதன்

ஜெயிலில் இன்றைக்குக் கத்தினேன். முதலில் குரலே வெளியே வரவில்லை. பக்கத்தில் ஒரு அக்கா, "நல்லாக் கத்து பாப்பா, இங்க யாரும் யாரையும் பாக்கல" என்றார். வலையில் முகத்தை வைத்து, காந்திமதி அம்மா வந்தது, தாலாட்டு, ஜாமீன் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கண்ணை அகல விரித்துக் கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டாளா, நான் கத்துவதைக் கேட்டாளா தெரியவில்லை.

அவர் சாகவேண்டும் என்றா பாடினாய் என்று கேட்டேன். அம்மா இல்லை என்று கையை ஆட்டினாள். "ஒங்கப்பன அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொன்னாரே, அன்னைக்கே செத்துட்டாரு. நான்தான் லேட்டா அழுதேன்."

நான் போகட்டுமா என்றேன்.

"பாடுறதும் பாடாததும் ஒன் வாயி. பொய் மட்டும் பாடாத ஆத்தா. பொய்ப்பாட்டு தொண்டையிலயே நின்டுக்கிரும்."

எனக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. நீ எனக்கு என்ன பாடினாய், அதைச் சொல் என்று கேட்டேன். அவள் எனக்குத் தாலாட்டே பாடியதில்லையாம். கைக்குழந்தையிலேயே சாவு வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவாளாம். அவள் ஒப்பாரி எடுக்க எடுக்க நான் மடியில் தூங்கிவிடுவேனாம். எழுப்பினால்தான் அழுவேனாம்.

மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

சுடுகாட்டு ஓடைக்கு ஆடு பத்திப் போனேன். அம்மா உட்காரும் கல்லில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு அடிகூட வரவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இரண்டு அடி.

ஏப்ரல் 26, சனி

பெரியம்மா சொன்னாள்: தாலாட்டு என்றால் மாமன்மாரைக் கூப்பிட வேண்டும். எந்த மாமன் என்ன சீர் கொண்டுவந்தான் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் தாலாட்டே இல்லை. அதைக் கேட்டதும் மீதிப் பாட்டு வந்துவிட்டது. ஓடையில் அம்மாவின் கல்லிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

போய் வந்துவிட்டேன்.

காந்திமதி அம்மா கார் அனுப்பினார். நானும் பெரியம்மாவும் போனோம். வீடு முழுக்கத் தரை கருங்கல், முகம் தெரிகிற மாதிரி இழைத்திருந்தது. எங்கள் ஊர்க் கல் இப்படி மினுங்கும் என்று எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகவே நடந்தேன்.

கூடத்தில் ஊஞ்சல் பலகையைச் சுற்றிச் சேலையைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். நான் அவரைப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். மெலிந்த கிழவர். பாதம் இரண்டும் சேலைக்கு வெளியே தெரிந்தன. கணக்கர், சொந்தக்காரர்கள் என்று பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெஞ்சும் துண்டும் பையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

பெரியம்மா என் முதுகில் கை வைத்தாள். நான் அவள் காதில் சொன்னேன். அவள் சத்தமாகச் சொன்னாள்: "எல்லாரும் கண்ண மூடிக்கணுமாம். அப்பத்தான் பாடுமாம்."

தொட்டிலில் இருந்தவர்தான் முதலில் கண்ணை மூடினார். காந்திமதி அம்மா கயிற்றை ஆட்டினார். நான் எடுத்தேன்.

ஆராரோ ஆரிரரோ, ஐயா நீ கண்ணுறங்கு
மலையை அறுத்தெடுத்து மணித்தொட்டில் செஞ்சுவச்சோம்
தொட்டில் கனந்தாங்கத் தூணுநாலு நட்டுவச்சோம்
தூணுக்கு அடியில எங்கப்பன் தூங்குறாரு

கயிறு நின்றது. கணக்கர் கண்ணைத் திறந்து, நிறுத்து, என்ன பாடுகிறாய் என்று முன்னால் வந்தார். காந்திமதி அம்மா அவரைப் பார்க்காமலே, "தள்ளிப் போங்க. பாதியில நிறுத்தக் கூடாது" என்றார். மறுபடி கயிற்றை ஆட்டினார்.

நான் மாமன்மாரைக் கூப்பிட்டேன். சம்மட்டி கொண்டுவந்த மாமன். உளி கொண்டுவந்த மாமன். ஒற்றைச் செருப்போடு வந்த மாமன். கொண்டுவந்த சோற்றை இன்னும் தின்னாத மாமன். ஒவ்வொருவருக்கும் பேர் சொன்னேன், அம்மா சொல்லுகிற வரிசையிலேயே. அப்பா பேரைக் கடைசியில் வைத்தேன். பிறகு:

ஏட்டுல பேரில்லாத எட்டுப்பேரு கூடிநின்னு
ஆட்டுறாக தொட்டில, ஐயா நீ கண்ணுறங்கு
கண்மாய்த் தண்ணியில காலுகைய கழுவிவிடக்
கண்மாயக் காக்கப்போன ஆத்தா இன்னுந் திரும்பலையே

"எட்டு இல்ல."

தொட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒம்போது. வடக்கத்தி ஆளு ஒருத்தன். போன மழைக்கு முந்தி. பேரு எனக்குத் தெரியாது."

கணக்கர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காந்திமதி அம்மா கயிற்றை விடாமல் அழுதார். பாட்டு முடியவில்லை. முடியாமல் நிறுத்தக் கூடாது. கட்டிவைக்காத ஒரு அடியை அங்கேயே நின்று பாடினேன்.

பேருந் தெரியாம ஊருந் தெரியாம
போன மாமன் ஒருத்தருண்டு, ஐயா நீ கண்ணுறங்கு

முடித்தபோது அவர் தூங்கியிருந்தார். நிஜமாகவே தூங்கியிருந்தார், வாய் லேசாகத் திறந்து. எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

காரில் வரும்போது, ஊர் எல்லையில் பெரியம்மா, ஒன்பது என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தாலாட்டை நோட்டில் எழுதினேன். எந்தப் பக்கம் எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். முன்பக்கம், அம்மா பாட்டுகளுக்குப் பின்னால் எழுதிவிட்டேன். ஆடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.

மே 2, வெள்ளி

ஜாமீன் கிடைத்துவிட்டது. அவர்கள் எதிர்க்கவில்லை. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், குவாரி வாசலுக்குப் போகக் கூடாது. அந்த ஒன்பதாவது ஆளைப் பற்றி மெர்சி அக்கா என்னிடம் மூன்று தடவை கேட்டு எழுதிக்கொண்டார். அதற்காகத் தனியாக மனு போடப் போகிறாராம்.

சந்தோஷமாக இருக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன். அம்மாவைக் கூட்டிப் போன அன்று கொட்டத்தில் உட்கார்ந்து அவள் சேலையை முகத்தில் போட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. பாட்டுத்தான் வந்தது. அம்மா அப்பாவுக்குப் பாடிய பாட்டு. அப்பா பேர் வரவேண்டிய இடத்தில் பவுனுத்தாய் என்று வைத்து, கடைசிவரை பாடிவிட்டேன். அப்பாவோடு எட்டுப் பேருக்கும் அழுதவள், அவளுக்கு யாரும் இல்லையே என்று இருந்தது. பாடி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. ஆடுகள் எல்லாம் குழை தின்பதை நிறுத்தி என்னைப் பார்த்தன.

முப்பது நாளாகப் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

மே 5, திங்கள்

அம்மா பத்து மணி பஸ்ஸில் வந்தாள். பெரியம்மா ஆரத்தி சுற்றினாள். அம்மா இளைத்திருந்தாள். நேராகக் கொட்டத்துக்குப் போய்க் குட்டிகளைத் தூக்கி வாயை மோந்து பார்த்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். கதவை அடைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அம்மா குட்டியைக் கீழே விட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எந்த ராகத்துல எடுத்த?"

அப்பாவுக்கு எடுத்த ராகம் என்றேன்.

"எங்க, பாடு கேப்போம்."

மாட்டேன் என்றேன்.

"ஏண்டி, செத்த பெறகு நான் எங்கிட்டுக் கேக்குறது? ஊருக்கெல்லாம் பாடுனவளுக்கு எம் மக என்ன பாடுனான்னு தெரிய வேணாமா?" சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

முதலில் தொட்டில், அழுத வாயே தாலாட்டணும் என்றேன். நான் அம்மாவிடம் இவ்வளவு கண்டிப்பாக எதையும் சொன்னதில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அங்கேயே வைக்கோல்மேல் சேலையை விரித்து, என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். கனமான தலை. ஜெயில் சோப்பு வாசம்.

ஆராரோ என்று எடுத்தேன். கட்டிவைத்த பாட்டு எதுவும் இல்லை. மூக்குத்தியை, கண் ஆஸ்பத்திரியை, பன்னீர் சோடாவை, துண்டு விரித்த பெஞ்சை எல்லாம் பாட்டில் சொன்னேன். பெஞ்சைச் சொன்ன இடத்தில் அம்மா என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். முப்பத்திரண்டு நாள் தூக்கம்.

கால் மரத்துப்போயிற்று. சந்தில் தண்ணீருக்குப் போனவர்கள் குடத்தோடு நிற்பது தட்டியின் இடுக்கில் தெரிந்தது. ரம்யாவும் நின்றாள். பாட்டுத் தீர்ந்துபோனதும் மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.